என் பழியைச் சுமந்த சவரிமுத்து உபதேசியார்

செய்தி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சிலமலையிலிருந்து சைக்கிளில் வந்திருந்த உபதேசியாரின் மைத்துனர் வகுப்பு வாசலில் நின்று, "வாத்தியாரே, மச்சான் போயிட்டாரு. காலையில கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தவரு எந்திரிக்கல. கோயில்ல மணி அடிக்கச் சொல்லணும். எனக்குக் கோயில்பிள்ளை வீடு தெரியாது" என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். துக்க மணி அடிக்க ஆரம்பித்ததும் கடைத்தெருவில் ஒருவர், "யாருக்கு மணி?" என்று கேட்டார். "சவரிமுத்து உபதேசியாருக்கு" என்றேன். "அவரா?" என்று சொல்லிவிட்டு அவர் தம் தராசைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சிலமலைக் கல்லறையில் இருபது பேர்கூட இல்லை. பதினான்கு வருஷம் போடியிலும் மேலே ஏலக்காட்டுத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலும் ஞானோபதேசம் சொன்னவருக்கு இருபது பேர். மண் தள்ளி முடித்துக் கைகழுவும்போது நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "நல்ல மனுசன்தான். வாயைத்தான் அடக்கத் தெரியல" என்றார். சவரிமுத்துவின் மனைவி நாலடி தூரத்தில் நின்றிருந்தார். அது அவர் காதில் விழுந்தது. என் காதிலும் விழுந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறிந்தவர்களே, நீங்கள் படிப்பது ஒரு நினைவஞ்சலி மட்டுமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் அவரைப்பற்றி நம்பிக்கொண்டிருக்கும் ஒரு காரியம் பொய். அது பொய் என்று உயிரோடிருப்பவர்களில் மிக நன்றாகத் தெரிந்தவன் நான்.

அவருக்கும் எனக்கும் ஒரே வயது. நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசப் புத்தகத்தைக் கேள்வியும் பதிலுமாக ஒப்பிக்கச் சொல்லிக்கொடுப்பேன். அவர் மாதத்தில் ஒருமுறை மலையேறி, எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்து ஜனங்களைப் குருவிடம் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாரிப்பார். குட்டையான மனிதர். தொண்டை எப்போதும் கட்டியது போலிருக்கும். பொடி போடுவார். தபசு காலத்தில் மட்டும் பொடியை விட்டுவிடுவார். அந்த நாற்பது நாளும் எல்லார் மேலும் எரிந்து விழுவார்.

ஒருமுறை பங்குச் சுவாமியார் என்னையும் அவரோடு மேலே அனுப்பினார். ஞாயிறு, வேலையில்லாத நாள். லயத்து வாசலில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சர்வேசுரன் கட்டளையிட்ட பத்துக் கற்பனைகளையும் வரிசையாகக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் புத்தகத்தை எடுக்கவே இல்லை.

"காலையில கொம்பு ஊதுனதும் எந்திரிச்சீகள்ல? அங்கயிருந்து வாங்க. வீட்டுக்குள்ள யாரை என்ன சொன்னீக? அப்புறம் பெரட்டுக்குப் போறீக, கங்காணி பேர் கூப்பிடுறாரு. அங்க யாரைப் பாத்து என்ன நெனச்சீக? அப்புறம் காட்டுக்குள்ள, செடிக்கடியில குனிஞ்சு பறிக்கிறீக. பக்கத்து நெறையில இருக்கவளைப் பத்தி என்ன பேசுனீக? அப்புறம் எடை போடுற எடம். ஒவ்வொரு எடமா நின்னு பாத்துட்டு வாங்க. பாவத்தைத் தேடி எங்கயும் அலைய வேணாம். நீங்க நடந்த வழியிலதான் கெடக்கும்."

ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு நாளை அவர்கள் மனத்துக்குள் நடந்து முடிக்க அரைமணி நேரமாயிற்று. அவர் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பெண் தன் புருஷன் குடிப்பதைப்பற்றிச் சொல்லத் தொடங்கினாள். "ஆத்தா, அது அவர் சோலி. அவர் வந்து சொல்லுவாரு. நீ ஒன்னதைக் கொண்டா" என்றார். இன்னொருத்தி அவரிடமே தன் குற்றத்தைச் சொல்ல வாயெடுத்தபோது கையை உயர்த்தித் தடுத்தார். "எங்கிட்டச் சொல்லாதே. நான் கேக்குற ஆள் இல்ல. சாமியார்ட்டச் சொல்லு."

பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபம் என்றால் என்ன என்று நான் புத்தகத்திலிருந்து மூன்று வரி சொன்னேன். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. அவர் குறுக்கிட்டார். "கங்காணி பாத்துட்டானேன்னு வருத்தப்படுறது வேற. செஞ்சுட்டோமேன்னு வருத்தப்படுறது வேற. ரெண்டாவதுதான் வேணும்." உடனே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆசிரியர் பயிற்சி பெற்றவன் நான். அவர் எட்டாவதோடு நின்றவர். மலையிலிருந்து இறங்கும்போது, "புத்தகத்தில் உள்ளபடி சொல்லிக்கொடுத்தால் நல்லது" என்றேன். "சரி வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் பொடி மட்டையைத் திறந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

இனிச் சொல்வது நம் கோயிலில் நடந்தது. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த காலம். பெரிய வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை பிற்பகல். மலையிலிருந்து ஐம்பது பேரைப் பாவசங்கீர்த்தனத்துக்காக அவர் இறக்கிக் கொண்டுவந்திருந்தார். அவர்களில் ஒரு அம்மாளுக்குக் காது அநேகமாகக் கேட்காது. காது கேளாதவர்கள் பலரைப்போலத் தாம் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அது தெரிந்துதான் சவரிமுத்து அந்த அம்மாள் முறை வந்ததும் மற்ற எல்லாரையும் வெளித் தாழ்வாரத்துக்கு அனுப்பினார். பள்ளிப் பிள்ளைகளின் பேர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு நான் சுவாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கும் தொட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"வாத்தியாரே, கொஞ்சம் வெளிய வாங்களேன்" என்றார்.

"எனக்கு இங்க சோலி இருக்கு உபதேசியாரே" என்றேன்.

ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அவர் மட்டும் வெளியே போனார். அந்த அம்மாள் முழங்காலிட்டார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. எழுந்து நாலடி நடந்திருந்தால் போதும். காதைப் பொத்திக்கொண்டிருந்தாலும் போதும். பட்டியலைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டு கடைசி வார்த்தைவரை கேட்டேன்.

என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை நான் சொன்னதே போதும். பாவசங்கீர்த்தனத்தைக் குருவானவர் மட்டுமல்ல, தற்செயலாய்க் கேட்க நேர்ந்தவரும் வெளியிடக் கூடாது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மறுநாள் மத்தியானம், பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, அதை என் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மாள் மேல் எனக்கு விரோதம் எதுவுமில்லை. "உபதேசியார் தயாரித்த லட்சணத்தைப் பார், கோயிலே அதிரும்படி கத்துகிறாள்" என்று அவரைக் கேலி செய்யத்தான் சொன்னேன். சொல்லும்போது சிரித்தேன்.

என் மைத்துனன் அந்த அம்மாள் வேலை செய்த தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. மனைவி தன் தம்பியிடம் சொன்னாள். அவள் மேல் பழி போட எனக்கு வாயில்லை. மூன்று வாரத்துக்குள் அந்த அம்மாளையும் அவர் புருஷனையும் லயத்தைவிட்டு வெளியேற்றினார்கள். தட்டுமுட்டுச் சாமான்களோடு இரண்டு நாள் மழையில் ரோட்டோரத்தில் கிடந்து, பிறகு பூப்பாறைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

லயங்களில் ஒரே பேச்சு: பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது வெளியே வந்துவிட்டது. சுவாமியார் சொல்ல மாட்டார். அப்படியானால் அவளைத் தயாரித்த உபதேசியாரிடம் அவள் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பங்குச் சுவாமியார் வீட்டு முற்றத்தில் விசாரணை நடந்ததை உங்களில் சிலர் பார்த்திருக்கிறீர்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். சுவாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் தொட்டியில் அதைச் சொன்னாரா, சொல்லவில்லையா என்பதைக்கூட அவர் வாய்திறந்து சொல்ல முடியாது. முகம் வெளுத்திருந்தது.

"நீ சொன்னியா சவரிமுத்து?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் சொல்லல."

"நீ சொல்லலைன்னா பின்ன யாரு? சாமியாரா?"

சவரிமுத்து வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவர் என் பக்கம் பார்ப்பார் என்று நான் பயந்தேன். அவர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "எம்மேலயே இருக்கட்டும்" என்றார்.

அதைத்தான் நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டீர்கள். நானும் அப்படி எடுத்துக்கொண்டது போலத் தலையை ஆட்டினேன்.

அவருக்கு மலை வேலை போயிற்று. ஏலக்காய்க் கடை ஒன்றில் சல்லடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசித் தூண் ஓரம் நிற்பார். மலை ஜனங்களைத் தயாரிக்கும் வேலையைச் சுவாமியார் என்னிடம் கொடுத்தார். நான் ஏற்றுக்கொண்டேன். இதை எழுதும்போது பேனா நின்றுவிடுகிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். அவர் இடத்தை நான் ஏற்றுக்கொண்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. அந்த வருஷம் முழுக்க மாதாமாதம் நானும் தொட்டியில் முழங்காலிட்டேன். கோபம் வந்தது, ஜெபத்தில் பராக்காயிருந்தேன் என்று சில்லறைகளைச் சொல்லிவிட்டு எழுந்து, பூசையில் தேவநற்கருணையான நன்மையும் வாங்கினேன். நான் குருவானவர் இல்லையே, தற்செயலாய்க் கேட்டதுதானே என்று மனத்துக்குள் ஒரு வக்கீல் பேசிக்கொண்டே இருந்தான்.

மலையில் என் முன்னால் உட்கார்ந்தவர்கள் வரவரக் குறைந்தார்கள். ஒரு ஞாயிறு ஏழு பேர்தான். வயதான ஒரு தொழிலாளி நேராகவே சொன்னார்: "கோவிச்சுக்காதீக. எங்க சனம் கீழ வராது. தொட்டியில சொன்னது பெரட்டுல வந்து நிக்குதுல்ல." சவரிமுத்து சொன்னதையே நானும் சொன்னேன்: "காலையில கொம்பு ஊதியதிலிருந்து நடந்து வாருங்கள்." அவர்கள் கண்ணை மூடினார்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் மூடினேன். என் நாளில் நான் நடந்தேன். வீடு, பள்ளிக்கூடம், கோயில், மறுபடி வீடு. சாப்பிட உட்கார்ந்த இடத்துக்கு வந்ததும் கால் நகரவில்லை. அங்கே நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே தொட்டியில் சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் குரு சொன்னதை அவர் வெளியிட முடியாது, நான் வெளியிடலாம். அவர், "அவரிடம் போம். அந்தப் பெண்ணிடம் போம். எந்த ஊர் அவரைக் குற்றவாளி என்று நினைக்கிறதோ அந்த ஊர் முன்னாலும் சொல்லும். வாக்குக் கொடுத்தால்தான் பாவப்பொறுத்தல்" என்றார். மூன்றுக்கும் வாக்குக் கொடுத்தேன்.

கடையில் சவரிமுத்து முகமெல்லாம் ஏலத் தூசியோடு சல்லடை முன் உட்கார்ந்திருந்தார். வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். பாதியிலேயே, "தெரியும் வாத்தியாரே" என்றார்.

"தெரிந்துமா சும்மா இருந்தீர்கள்?"

"தெரியும்னா, அப்படி நெனச்சேன். கண்ணால பாக்கலயே. நெனப்பை வச்சு ஒரு ஆள் பேரைச் சொல்லலாமா?"

"நான் இல்லை என்றாவது அடித்துச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அடுத்து யாரைப் பாப்பாங்க? சாமியாரைத்தான். அதுக்கப்புறம் எந்தப் பொம்பள வந்து தொட்டிகிட்ட முழங்கால் போடுவா? எம்பேரு போனா ஒரு ஆள் பேரு. அது போனா எல்லாம் போச்சு."

கடைக்காரர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். "இந்தா வர்றேன்" என்று சொல்லிவிட்டு என்னிடம், "அந்த அம்மாவை எப்பப் பாக்கப் போறீக? நானும் வாரேன். ஒங்க பேச்சு அதுக்குப் புரியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்கு வந்து தோட்டத்துக்குத் திரும்பிய தொழிலாளிகளை ஏற்றிப்போன ஜீப்பில் இருவரும் ஏறினோம். வளைவுக்கு வளைவு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோமே தவிர, போடிமெட்டு வரும்வரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மெட்டில் டீக் கடை முன்னால் நின்றபோதுதான் பேசினார். "கோவம் இருக்கு வாத்தியாரே. இல்லைன்னு சொன்னா அது பொய்யி. என் வீட்டுக்காரி தண்ணிக்குப் போனா மத்தவளுக பேச்சை நிறுத்திருவாளுக. அதை நெனச்சா இப்பவும் ஒங்களை அடிக்கணும்னு வருது. நானும் அதைத் தொட்டியில சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்." என்னால் டீயைக் குடிக்க முடியவில்லை. அவர் தம்முடையதைக் குடித்து முடித்து, ஆறிப்போன என்னுடையதையும் எடுத்துக் குடித்தார்.

அப்போது மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். சோதனைச் சாவடி தாண்டி இறங்கி லயத்தைக் கண்டுபிடித்தோம். அந்த அம்மாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். உபதேசியாரைக் கண்டதும் முகம் இறுகிற்று. உபதேசியார் ஒதுங்கி நின்று எனக்கு இடம் விட்டார்.

நான் மெல்லச் சொன்னேன். "கேக்கல" என்றார். கொஞ்சம் உரக்கச் சொன்னேன். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "சத்தமாச் சொல்லுங்க சார்" என்றார். உபதேசியார் எனக்காகச் சொல்லமாட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் விறகைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கத்தினேன். "உபதேசியார் சொல்லவில்லை. சாமியாரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான். வெளியே சொன்னவனும் நான்." பத்து வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு மலையாளத்தில் சொன்னார்கள்.

அந்த அம்மாள் அரிவாளைக் கீழே வைத்தார். "நான் செஞ்சது நெசந்தான சார். அதுக்கு வேலை போச்சு, சரி" என்றார். பிறகு, "ஆனா அன்னைக்கு அங்க சொல்லிட்டு எந்திரிக்கையில ஒடம்பு லேசா இருந்துச்சு. அதுக்கப்புறம் போகவே இல்ல. இனிமே எங்க போயி, யாரை நம்பிச் சொல்றது?" என்று என்னைக் கேட்டார். அவர் அழவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

சவரிமுத்து போய் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "சாமியார் சொல்லல ஆத்தா. அதான் இப்பக் கேட்டியே. அந்த எடம் கெட்டுப் போகல. ஆள்தான் கெட்டுப் போனாரு. வா." ஒவ்வொரு வார்த்தையாக, உதடு தெரியும்படி சொன்னார்.

"எனக்குக் கூசுதுண்ணே."

"கூசட்டும். கூசாம போனாத்தான் தப்பு."

அடுத்த பாஸ்குத் திருநாள் காலத்தில் அந்த அம்மாள் இறங்கி வந்தார். கோயில் வாசலேறிப் போவதைத் தெருவுக்கு எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தேன். அவர் திரும்பி வெளியே வரும்வரை நான் தெருவைத் தாண்டவில்லை.

மூன்று வாக்கில் இரண்டு இப்படி முடிந்தது. மூன்றாவதுதான் உங்களிடம் சொல்வது. மலையிலிருந்து திரும்பும் வழியிலேயே உபதேசியாரிடம் இழுத்தேன். பள்ளிக்கூட வேலை போய்விடும் என்றேன். மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன். அவர், "ஒங்களுக்கு எப்ப முடியுதோ அப்பச் சொல்லுங்க" என்றார்.

அதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் அந்தச் சுவாமியார் வேறு பங்குக்கு மாறிப் போனார். நான் செய்ததை அறிந்தவர்கள் இங்கே என் வீட்டாரும் உபதேசியாரும்தான். முழங்கால் வலி என்று சொல்லி மலை வேலையிலிருந்து விலகிக்கொண்டேன். என் மகளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தது. என் வேலையை யாரும் பறிக்கவில்லை. அவர் கடைசித் தூண் ஓரத்திலேயே நின்றார். சாக்குகளெல்லாம் தீர்ந்த பிறகும் நான் சொல்லவில்லை. மலை ஜனங்களுக்கு அவர் பிரித்துக் காட்டிய இரண்டு வருத்தங்களை வைத்துப் பார்த்தால், அகப்பட்டுக்கொள்வோமே என்ற வருத்தம்தான் என்னிடம் எப்போதும் இருந்தது. இன்றைக்காவது மற்றது வந்திருக்கிறதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

இறப்பதற்குப் பத்து நாள் முந்திச் சிலமலைக்குப் போய் அவரைப் பார்த்தேன். ஏலத் தூசி நெஞ்சில் இறங்கி மூச்சுக்குத் திணறினார். அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் ஒன்றும் தெரியாது, கணவர் சொல்லியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் என்று உபதேசியார் கேட்டார். மேலே மழை எப்படி என்று கேட்டார். என் பேரன் நடக்கிறானா என்று கேட்டார். பேச்சு நின்ற இடங்களில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேறு எதையாவது கேட்டார். நான் எழுந்தபோது, "வெயிலுக்கு முந்தி வெரசாப் போயிருங்க" என்றார்.

ஊரில் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்கு உரிமை இருந்தது, நேரமும் இருந்தது. கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ. அவர் பொறுமையையோ விசுவாசத்தையோ நான் பெற்றுக்கொண்டதாகச் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. அவர் என்னிடம் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் அவருடையது என்று என்னிடம் இருப்பது. அதற்கான பதிலை, அவர் மனைவி தலைநிமிர்ந்து தண்ணீருக்குப் போகட்டும் என்று, இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சிலமலையில் கண்விழித்துப் படுத்திருந்த அந்தப் பத்து நாளில் ஏதாவது ஒரு நாள் நான் இதைச் சொல்லியிருக்கலாம்.